புன்னை மரத்திலிருந்து ஒன்பதாவது

மலாக்காவின் காஜா பெராங் பக்கம் செங்கமலத்தைப் பெயர் சொல்லி விசாரித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'ஓடிப்போனவள் மகள்' என்றால் உடனே கைநீட்டி வீட்டைக் காட்டுவார்கள். நான் மலாக்காவுக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு வழி தேடியபோது எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள். காட்டியவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் தாய் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்போது அவளுக்கு ஐம்பது வயது. கல்யாணம் இல்லை. ஒல்லியான உடம்பு, இறுக்கிக் கட்டிய சாரோங், எந்நேரமும் மிளகாய் இடித்துச் சிவந்த விரல்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த என்னைப் போன்ற ஏழு ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு, இங்கே சொல்வதுபோல் கிராணிகளுக்கு, அடுக்குச்சட்டியில் சோறு கட்டி அனுப்புவாள். பிளாச்சான் என்ற இறால் விழுது மணக்கும் அவளுடைய மிளகாய்ச் சம்பால் முதல் நாள் குமட்டியது; மூன்றாம் வாரம் அது இல்லாமல் சோறு இறங்கவில்லை.

அவள் செட்டி இனம். இங்குள்ள செட்டிகள் நாம் அறிந்த செட்டியார்கள் அல்லர். பல தலைமுறைக்கு முன் கடல் கடந்து வந்து, இந்த மண்ணிலேயே பெண் எடுத்து, சாமியை விடாமல் பாஷையை விட்டவர்கள். பெயரில் நாயக்கரும் பிள்ளையும் இருக்கும், வாயில் மலாய்தான். ஒருவருக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. செங்கமலம் பேசியதும் மலாய்தான். என் காதில் அது ஏறிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன், சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் நேரங்களில்.

அவள் அப்பா முருகேச நாயக்கர் நில அளவைக் கூட்டத்தோடு சங்கிலி இழுக்கப் போனவர். மாதக்கணக்கில் காட்டில் இருப்பார். தாய் பாக்கியமும் குழந்தையும் பெரியப்பா தில்லை நாயக்கரின் வீட்டில் இருந்தார்கள். செங்கமலத்துக்கு எட்டு வயதானபோது அந்த வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பெரியப்பாவின் மகன் கந்தப்பன். கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால் குழந்தையைக் கிளேபாங்கில் ஒரு உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

"உங்கம்மா ஒரு தோணிக்காரனோட போயிட்டா" என்று பெரியம்மா சொன்னாளாம். அவ்வளவுதான். அழக்கூட நேரமில்லை. புதுப் பாவாடை கட்டிவிட்டு, கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து, வந்தவர்களுக்கு நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள்.

அப்பா ஒரு மாதம் கழித்து வந்தார். சொன்னதை நம்பினார். பிறகு குடித்தார், பத்து வருஷத்தில் செத்தார். மகள் அந்த வீட்டிலேயே வேலைக்காரியாக வளர்ந்தாள். பெண் கேட்டு யாரும் வரவில்லை. 'தாய் போன வழி' என்று ஒரு சொல் போதும், வருகிறவன் வாசலோடு திரும்பிவிடுவான்.

"அதெல்லாம் போகட்டும் கிராணி. இலை மட்டும்தான் எனக்கு ஆறல" என்பாள்.

இலை என்றால் பார்ச்சு. வருஷத்தில் இரண்டு முறை, பொங்கலுக்கு முன்னும் பழக்காலத்திலும், இவர்கள் வீட்டுக்குள் வாழையிலை விரித்து, செத்தவர் ஒவ்வொருவருக்கும் பிடித்ததைச் சமைத்துப் பரப்பிக் கும்பிடுவார்கள். தாத்தாவுக்கு மீன், அத்தைக்குப் பலகாரம், அப்பாவுக்கு ஒரு சுருட்டு. செங்கமலம் அத்தனை பேருக்கும் சமைத்தாள். தாய்க்கு மட்டும் இலை இல்லை. இருபது வயதில் ஒரு தடவை யாரையும் கேட்காமல் ஓரமாக ஒரு இலையைப் போட்டு, நண்டுக் குழம்பு வைத்தாள். பாக்கியத்துக்கு நண்டு பிடிக்கும். கந்தப்பன் அந்த இலையைச் சுருட்டி வாசலில் எறிந்தார்.

"உயிரோட இருக்கறவளுக்கு இலை போட்டா வீட்டுக்குத்தான் கேடு. உங்கம்மா எங்கேயோ சிரிச்சிக்கிட்டு இருப்பா, போ."

எல்லோரும் சிரித்தார்களாம். அன்றே ஒரு பழைய பாயையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு தனியே வந்துவிட்டாள். போனவள் ஒரு நாள் வந்து நிற்பாள், அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்றுதான் அதன்பிறகு இருந்திருக்கிறாள். கிளேபாங் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனால் தோணிகளில் வந்து இறங்கும் வயதான பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாளாம். "மூஞ்சி மறந்துபோச்சு. ஆனா துப்பறப்போ தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

1931இல் ஆபீசுக்கு ஓர் உத்தரவு வந்தது. நகரத்தை ஒட்டிய பழைய இடுகாடுகள் எல்லாம் தங்களிடம் உள்ள புதைப்புப் பதிவுகளுக்கு ஆங்கிலத்தில் பட்டியல் தர வேண்டும். புக்கிட் பாரு போகும் பக்கம் செட்டிகளின் இடுகாட்டுக்குப் பதிவேடு தமிழில் இருந்தது. இரண்டு பாஷையும் படித்த கிராணி நான் ஒருவன். வேலை என் தலையில் விழுந்தது.

பதிவேட்டைக் கொண்டுவந்தவர் கந்தப்ப நாயக்கர். அறுபத்துநாலு வயது, வெள்ளைக் கோட்டு, இடுகாட்டுக்கும் கோயிலுக்கும் பொறுப்பாளர். தகரப் பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியை விலக்கி, மூன்று கட்டுப் புத்தகங்களை மேசைமேல் வைத்தார். அட்டையில் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது.

"கை கழுவிட்டுத் தொடுங்க கிராணி. இது எங்க முன்னோருங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு நானே சந்தனம் வைக்கறேன்."

"உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"நாங்க என்னத்தக் கண்டோம்? அப்போ இந்தியாவுலேருந்து கோயிலுக்கு வந்த வீரப்ப பண்டாரம் எழுதினது. எங்கப்பா காப்பாத்தினார், நான் காப்பாத்தறேன்."

கந்தப்பனும் செங்கமலமும் ஒரே குடும்பம் என்பது எனக்குத் தெரியும். அவளும் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தாள். அப்பாவின் குழிமேல் நட்ட மரக்கட்டை மக்கிப்போய் இடமே தெரியவில்லையாம். புத்தகத்தில் வரிசை எண் இருந்தால் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒரு கல் நட வேண்டும். சாதாரணக் காரியம். ஆனாலும் ஆபீஸ் காகிதத்தை வெளியாளுக்குச் சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. என் வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் போனால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

வீரப்ப பண்டாரத்தின் கையெழுத்து உருண்டை உருண்டையாக, தெளிவாக இருந்தது. முருகேச நாயக்கரைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். அவருக்குப் பத்து வருஷம் முந்திய பக்கத்தில் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. இரண்டு தடவை வாசித்தேன். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாம் தடவை வாசித்தேன்.

'விரோதி வருஷம் வைகாசி மாதம் 27ந் தேதி. பாக்கியம். முருகேச நாயக்கர் பெண்சாதி. வயது இருபத்தாறு. வயிற்றுப்போக்கு. கிழக்கு வரிசை, புன்னை மரத்திலிருந்து ஒன்பதாவது. கொண்டுவந்தவர்கள் தில்லை நாயக்கர், மகன் கந்தப்பன். கல்யாணம் முடியும்வரை தெரியக்கூடாது, எழுத வேண்டாம் என்று சொல்லி வேட்டி கொடுத்தார்கள். வேட்டியை வாங்கிக்கொண்டேன். எழுதாமல் புதைக்க எனக்குத் தெரியாது. மண் போட்டவர் யாரும் இல்லை. பெண் குழந்தை ஒன்று உண்டு, கொண்டுவரவில்லை.'

வீட்டில் சாவு விழுந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. நூறு நாள் துக்கம். கல்யாணம் நின்றிருக்கும். அதற்காகச் செத்தவளை ஓடிப்போனவளாக்கி விட்டார்கள். முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் தீட்டோடு தாலி கட்டியது வெளியே வரும். அதனால் சொல்லாமலே விட்டார்கள். அந்த உண்மைக்குத்தான் நாற்பத்திரண்டு வருஷம் தில்லை நாயக்கரும் கந்தப்பனும் சந்தனம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் அனுப்பிய சோற்றைப் பாதியோடு மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் அப்பாவின் வரிசை எண்ணை மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே உலக்கையை ஓரமாக வைத்தாள்.

"என்ன கிராணி? அப்பா பேரு இல்லையா?"

"இருக்கு. அம்மா பேரும் இருக்கு."

மனப்பாடமாகியிருந்தது, சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. இடித்த மிளகாயை வழித்துச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள். பிறகு கேட்டாள்:

"கல்யாணம் எத்தனாம் தேதி? அதுவும் எழுதியிருக்கா?"

"இல்லை."

"முப்பதாம் தேதி. அவன் கல்யாண நாள் இந்த ஊருக்கே தெரியும். அப்போ அம்மா மண்ணுக்குள்ள போயி மூணு நாள்." விரலை மடக்கிப் பார்த்தாள். "நான் வெத்தல குடுத்தேன் கிராணி. பந்தியில மூணு தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னேன். நல்லா இருந்துச்சு."

கந்தப்ப நாயக்கரின் கடைசி மகளுக்கு இன்னும் பதினெட்டு நாளில் கல்யாணம். ஊரே பேசிக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அம்மா, என் பேர் வெளியே வந்தா..."

"வராது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். புத்தகத்த எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"

"அடுத்த வாரம்."

"குடுத்துடுங்க. பத்திரமா வச்சிருக்கட்டும்."

அதன்பின் பதினேழு நாள் அவள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்றைக்கும் பயம் தருகிறது. கல்யாண வீட்டுக்குத் தானாகவே போனாள். முப்பது வருஷமாக மிதிக்காத வாசல். "ஆள் பத்தாதே, மசாலா நான் இடிச்சுத் தரேன்" என்றாளாம். கந்தப்பனின் மனைவிக்குச் சந்தோஷம். "கிழவியானதும் புத்தி வந்துடுச்சு" என்று கந்தப்பன் சொன்னதைச் செங்கமலமே என்னிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டே. பந்தற்கால் நட்டபோது நின்று பார்த்தாள். மணப்பெண்ணுக்கு மருதாணி அரைத்துக் கொடுத்தாள். யாரார் எங்கிருந்து வருகிறார்கள், சிங்கப்பூரிலிருந்து எத்தனை பேர், எல்லாம் விசாரித்து வைத்தாள்.

"இப்பவே சொல்லிடலாமே" என்றேன் ஒரு நாள்.

"எல்லாரும் வந்து சேரட்டும்."

தாலி கட்டுக்கு முதல் நாள் காலையில், செத்தவர்களுக்கு இலை போட்டுக் கல்யாணச் செய்தி சொல்வது வழக்கம். கோயில் தலைவர் சங்கரன் பிள்ளை முன்னால் நிற்பார். ஒவ்வொரு இலைக்கும் பெயர் சொல்லி முடித்ததும், "யாருக்காவது இலை விட்டுப்போச்சா?" என்று ஒரு கேள்வி கேட்பார். யாரும் பதில் சொன்னதில்லை. அதற்குள் ஊதுபத்தி ஏற்றிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு அழைத்திருந்ததால் நானும் கூடத்தின் கடைசியில் தூணோடு தூணாக நின்றிருந்தேன்.

சங்கரன் பிள்ளை கேட்டார்.

"ஒரு இலை விட்டுப்போச்சு" என்றாள் செங்கமலம். கையில் இலை வைத்திருந்தாள். மூடி போட்ட ஒரு சட்டியும்.

"யாருக்கு?"

"முருகேச நாயக்கர் பெண்சாதி பாக்கியத்துக்கு."

கந்தப்பன் சிரிக்கப் பார்த்தார். "அடோய், மறுபடியும் ஆரம்பிச்சிட்டா! ஓடிப்போனவளுக்கு..."

"நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க அண்ணே? உங்களுக்கே மறந்துபோச்சா?"

கந்தப்பனின் உதடு வெளுத்தது. ஆனாலும் பேசினார்: யார் சொன்னது, எந்தப் பயல் தூண்டிவிட்டான், பைத்தியம் பிடித்துவிட்டது, வெளியே இழுத்துப் போடுங்கள். அவர் பார்வை கூட்டத்தில் அலைந்து என்மேல் நின்றது. நான் தூணின் நிழலுக்குள் நகர்ந்தேன்.

"யாரும் சொல்லல. உங்க பெட்டியில இருக்கு, நீங்க சந்தனம் வச்ச புத்தகத்துல" என்றாள்.

"அந்தக் கிராணி எதையாவது எழுதிச் சேர்த்திருப்பான்!"

"அப்போ வேற ஆளக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க. நீங்களே ஆளச் சொல்லுங்க."

எதுவும் எழுதப்படவில்லை என்றுதான் அவர் கடைசிவரை நம்பியிருக்க வேண்டும். வேட்டி வாங்கிக்கொண்ட பண்டாரம் எழுதியிருப்பான் என்று எப்படி நினைப்பார்? நிமிர்ந்து, "உமரக் கூப்பிடு" என்றார்.

உமர் நாட்டு மருந்துக்கடைக்காரர், நாகூர்ப் பக்கத்துத் தமிழர். இந்தக் குடும்பத்தில் எந்தச் சண்டையிலும் சேராதவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்; செங்கமலம் சொன்ன விரோதி வருஷத்து வைகாசியை அவரே தேடி எடுத்தார். தனக்குள் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாயக்கரே, இத நான் சத்தமா வாசிக்கணுமா?"

"வாசிங்க" என்றார் சங்கரன் பிள்ளை.

உமர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து மலாயில் சொன்னார். வேட்டி வந்த இடத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களில் யாரோ மூச்சை இழுத்தார்கள். கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் தடுமாறியது. "இதுல மையெல்லாம் ஒரே பழசுதான். பொறகு சேர்த்ததில்ல. நான் அல்லாவுக்குப் பயந்தவன்" என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

செங்கமலம் இலையைக் கடைசியில் விரித்தாள். சட்டியைத் திறந்தாள். நண்டுக் குழம்பு. இந்தத் தடவை அதை எடுத்து எறிய யாரும் வரவில்லை.

பிறகு சங்கரன் பிள்ளையிடம் திரும்பினாள். "எங்கம்மா செத்த சேதி எனக்கு இன்னைக்குத்தான் சபையில வந்துச்சு. கேட்ட நாள்லேருந்துதானே தீட்டு?"

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். தப்பிக்க வழி தேடினார் என்றுதான் எனக்குப் பட்டது. கடைசியில், "ஆமாம். பங்காளி வீடு. தீட்டுத்தான்" என்றார். "ஆனா பழைய சாவு. மக மனசு வச்சு மூணாம் நாள் முழுகி எடுத்துட்டா, நாலாம் நாள் தாலி கட்டலாம். இல்லேன்னா நூறு நாள். அது மகளோட உரிமை."

உள்ளேயிருந்து மணப்பெண்ணின் அழுகை கேட்டது. கந்தப்பன் செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றார். கோட்டின் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"தங்கச்சி, எங்கப்பா சொன்னார், நான் தூக்கினேன். எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. என்னய அடி, திட்டு. புள்ள என்ன பாவம் செஞ்சா?"

"எனக்கு எட்டு வயசு அண்ணே. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"அழறா பாரு..."

"அழட்டும். அவளுக்கு அம்மா பக்கத்துல இருக்கா."

பெண்கள் சிலர் அவள் காலைப் பிடித்தார்கள். அவள் ஒதுங்கவுமில்லை, குனியவுமில்லை. மூன்றாம் நாள் காலையில் இடுகாட்டுக்கு எல்லோரும் வரட்டும் என்றாள். "அம்மாவுக்கு மண் போட்டவர் இல்லேன்னு எழுதியிருக்கு. அண்ணன் போடட்டும். நான் போதும்னு சொன்னதும் துக்கத்த எடுத்துடறேன்."

போனோம். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். நல்ல வெயில். புன்னை மரத்திலிருந்து சங்கரன் பிள்ளை எண்ணிக்கொண்டே நடந்தார். ஒன்பதாவது இடத்தில் மேடுகூட இல்லை, புல்தான். செங்கமலம் அங்கே நின்று, காலடியைப் பார்த்து, செருப்பைக் கழற்றி விலகிக்கொண்டாள். அப்பாவின் குழிக்கு வரும்போதெல்லாம் அதன்மேல் நடந்துதான் போயிருக்கிறாள்.

கந்தப்பன் குனிந்து ஒரு பிடி மண் போட்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இன்னொரு பிடி. மறுபடி பார்த்தார். புல்லைப் பிடுங்கிக் கீழே மண்ணைக் கிளறி எடுத்துப் போட்டார். வெள்ளைக் கோட்டின் முழங்கை செம்மண்ணில் சிவந்தது. அவர் மகன் உதவிக்கு வந்தான். "அவர் மட்டும்" என்றாள். நகக்கண்ணில் இரத்தம் வந்தது. முதலில் அவர் ஒவ்வொரு பிடிக்கும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாலு பிடிக்கு ஒருமுறை. பிறகு பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தார். "போதும்மா, சொல்லிடு" என்றார் சங்கரன் பிள்ளை.

அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஊதுபத்தித் தட்டை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள். கந்தப்பன் குனிந்தபடியே இருந்தார். அவள் போய்விட்டாள் என்பதை அவருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பந்தலைப் பிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஐம்பது நாள் காத்திருந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கந்தப்ப நாயக்கர் பெட்டிச் சாவியைச் சங்கரன் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். என் துரைக்கு என்மேல் ஒரு கடிதம் வரும் என்று தினமும் எதிர்பார்த்தேன், வரவில்லை.

இடுகாட்டிலிருந்து வந்த அன்றும் மதியம் அடுக்குச்சட்டி வழக்கம்போல் பன்னிரண்டரைக்கு வந்தது. திறந்தால் வெள்ளைச் சோறும் உப்புப் பருப்பும். மீன் இல்லை, சம்பால் இல்லை, பிளாச்சான் வாசனையே இல்லை. துக்க வீட்டுச் சமையல். நூறு நாளும் ஏழு கிராணிகளுக்கும் அதுவேதான் வந்தது. மற்ற ஆறு பேரும் முணுமுணுத்தார்கள். நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.